ஏ.எம்.ஹெச். 1.1 என்று வந்தால் குழந்தை பிறக்காதா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 32 வயது. ஏழு மாதமாகக் குழந்தைக்கு முயல்கிறார்கள். மாதவிலக்கு 33 முதல் 36 நாளுக்கு ஒருமுறை வருகிறது. 14-ஆம் நாளைச் சுற்றி மூன்று நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்துச் சேர்கிறார்கள். பயம் தாங்காமல் தானாகவே போய், சினைப்பையில் முட்டை எவ்வளவு மிச்சம் என்று கணிக்கும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை செய்ததில் 1.1 என்று வந்திருக்கிறது. "முட்டை தீர்ந்துகொண்டே போகிறது, உடனே ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சை) செய்யுங்கள், இல்லையென்றால் முட்டையையாவது உறைய வையுங்கள்" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. "எனக்குக் கருத்தரிக்கும் சக்தி இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

அதை மட்டும் சொல்லும் பரிசோதனை இன்னும் வரவில்லை. ரத்தத்தை எடுத்தோ ஸ்கேன் பார்த்தோ "இந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும், அந்தப் பெண்ணுக்குப் பிறக்காது" என்று யாராலும் சொல்ல முடியாது. கர்ப்பப்பையே இல்லை, இரண்டு கருக்குழாயும் முழுக்க அடைத்துவிட்டன என்பது போன்ற சில நிலைகளை விட்டுவிட்டால், மற்றதெல்லாம் வாய்ப்பு எவ்வளவு, எத்தனை மாதம் ஆகலாம் என்ற கணக்குத்தான். கருத்தரிப்பு சிகிச்சைப் பிரிவில் வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது பல வருடமாக என் வேலை. அந்தப் பழக்கத்தில் உங்கள் கேள்வியைப் படித்தபோது என் கண் 1.1-இல் நிற்கவில்லை. நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன அந்த 14-ஆம் நாள் வட்டத்தில்தான் நின்றது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் 1.1-ஐ முடித்துவிடலாம், இல்லாவிட்டால் மற்ற எதுவும் உங்கள் மனதில் ஏறாது.

ஒரு பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது அதன் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பருவமடையும் வயதில் மூன்று, நான்கு லட்சம். இதில் வாழ்நாள் முழுவதும் வெளியே வருவது 400, 500 முட்டைகள்தான். மீதி எல்லாம் உள்ளேயே கரைந்துபோகும். ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் வளரக் கிளம்பும், ஒன்று மட்டும் முந்திக்கொண்டு பழுத்து வெளிவரும், கூடக் கிளம்பியவை அழிந்துவிடும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் சரி, கர்ப்பமாக இருந்தாலும் சரி, இந்தக் கரைதல் நிற்பதில்லை. ஆகவே "முட்டை தீர்ந்துகொண்டே போகிறது" என்று அவர் சொன்னது பொய் இல்லை. உங்களுக்கு மட்டுமல்ல, எல்லாப் பெண்களுக்கும் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

வளரத் தொடங்கிய சிறு முட்டைப்பைகள் சுரக்கும் ஹார்மோன்தான் ஏ.எம்.ஹெச். அதன் அளவை வைத்து மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகச் சொல்லலாம். குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது மாதிரி. அந்த நெல் முளைக்குமா என்பதைக் குதிரைத் தட்டித் தெரிந்துகொள்ள முடியாது. இயற்கையாகக் கருத்தரிக்க மாதத்துக்கு ஒரு முட்டை போதும். 2017-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. 30 முதல் 44 வயதுக்குட்பட்ட, குழந்தையின்மைப் பிரச்சினை எதுவும் முன்பு இல்லாத சுமார் 750 பெண்கள். ஏ.எம்.ஹெச். 0.7-க்குக் கீழே இருந்தவர்களும் இயல்பாக இருந்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் கருத்தரித்தார்கள். உங்கள் 1.1 அந்தக் கோட்டுக்கு மேலேயே இருக்கிறது.

அப்படியானால் இந்த டெஸ்ட் எதற்கு? ஐ.வி.எஃப். செய்யும்போது ஊசி மருந்துக்கு எத்தனை முட்டைகள் கிடைக்கும், மருந்தை எந்த அளவில் தொடங்கலாம் என்று மருத்துவர் தீர்மானிக்க இது நல்ல கருவி. அந்த வேலைக்கு உதவும் எண்ணை எடுத்து, வெளியே நிற்கும் ஒரு பெண்ணிடம் "உங்களால் முடியாது" என்று சொல்வது தப்பு. 40 வயதுக்கு முன்பே மாதவிலக்கு மாதக்கணக்கில் நின்றுபோய், முட்டையை வளரத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன் ஏறியிருந்தால் அது வேறு கதை, உடனே பார்க்க வேண்டியது. உங்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது.

சரி, ஏழு மாதக் கணக்குக்கு வருவோம்.

எந்தக் குறையும் இல்லாத, இருபதுகளிலோ முப்பதுகளின் தொடக்கத்திலோ இருக்கும் தம்பதிக்குக்கூட ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் "ஒருமுறை போதும், கவனம்" என்று பயமுறுத்தி வளர்த்ததால் நமக்கு இது நம்ப முடியாததாகத் தெரியும். ஐந்தில் ஒன்று என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். முதல் மாதம் 100 தம்பதிகளில் 80 பேருக்கு நடக்காது. அந்த 80-இல் ஐந்தில் ஒரு பங்கு போனால் இரண்டாம் மாத முடிவில் 64. இப்படியே போனால் ஏழாம் மாத முடிவில் இன்னும் 21 பேர் காத்திருப்பார்கள். ஒரு குறையும் இல்லாதவர்களிலேயே ஐந்தில் ஒருவர்! ஒரு வருடத்தில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டவர்கள், இரண்டு வருடத்தில் 90-க்கும் மேற்பட்டவர்கள் கருத்தரிக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம். உலக சுகாதார நிறுவனம் 12 மாதம் முயன்றும் நடக்காததைத்தான் குழந்தையின்மை என்று வரையறுக்கிறது. அதன் 2023 அறிக்கைப்படி வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் இந்த நிலையைச் சந்திக்கிறார். நீங்கள் இன்னும் அந்த வரையறைக்குள்ளேயே வரவில்லை.

இது சராசரிக் கணக்கு. உங்கள் விஷயத்தில் நான் வேறொன்று கேட்பேன்: ஏழு மாதத்தில் உண்மையில் எத்தனை மாதம் முயன்றிருக்கிறீர்கள்?

முட்டை 14-ஆம் நாள் வெளிவருகிறது என்பது 28 நாள் சுழற்சிக்குச் சொன்ன கணக்கு. எண்ண வேண்டியது முன்னாலிருந்து அல்ல, பின்னாலிருந்து. மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து முட்டை வெளிவரும் வரையிலான காலம் பெண்ணுக்குப் பெண், மாதத்துக்கு மாதம் கூடும், குறையும். வெளிவந்த பிறகு அடுத்த மாதவிலக்கு வரையிலான காலம்தான் ஓரளவு நிலையானது, பெரும்பாலோருக்கு 12 முதல் 14 நாள். 1924-இல் ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஓகினோ இதைக் கண்டு எழுதினார். சில வருடங்களில் ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸ் தனியாக இதே முடிவுக்கு வந்தார். பிறகு உலகம் இதைக் கருத்தடைக் கணக்காகவே பிடித்துக்கொண்டது. ஓகினோவுக்கோ குழந்தைக்காக ஏங்குகிறவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பதுதான் ஆசை. நூறு வருடம் ஆகிவிட்டது, இன்னும் நாம் முன்னாலிருந்தே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் காலண்டரை எடுத்துக்கொள்வோம். 33 நாளில் மாதவிலக்கு வந்த மாதத்தில் முட்டை 19-ஆம் நாள் வாக்கில் வெளிவந்திருக்கும். 36 நாள் ஆன மாதத்தில் 22-ஆம் நாள் வாக்கில். விந்தணு பெண்ணின் உடலுக்குள் அதிகபட்சம் ஐந்து நாள் உயிரோடு இருக்கும். முட்டையோ 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும். 1995-இல் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சோதித்துச் சொன்னது இதுதான்: முட்டை வெளிவரும் நாள், அதற்கு முந்தைய ஐந்து நாள், ஆக மொத்தம் ஆறு நாள்தான் கரு உண்டாகும் காலம். ஐந்து நாள் முன்னால் சேர்ந்தால் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துதான். முட்டை வெளிவரும் நாளை ஒட்டிச் சேர்ந்தால் அது நூற்றுக்கு 30-ஐத் தாண்டும். மறுநாள் கதவு சாத்தியாகிவிடும்.

இப்போது 13, 14, 15 என்ற உங்கள் மூன்று வட்டங்களைப் பாருங்கள். 33 நாள் மாதத்தில் கரு உண்டாகும் காலம் 14 முதல் 19 வரை. உங்கள் கடைசி இரண்டு நாட்கள் வாசற்படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பியிருக்கின்றன. 36 நாள் மாதத்தில் அது 17 முதல் 22 வரை. அந்த மாதம் நீங்கள் முயலவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இந்த நாட்கள் ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம் என்றாலும், மொத்தத்தில் ரயில் வருவதற்கு முன்பே பிளாட்பாரத்தை விட்டுக் கிளம்பியிருக்கிறீர்கள். ஏழு மாதம் என்று நீங்கள் எண்ணியதில் பாதிகூடத் தேறாது.

அப்புறம், நாளை எப்படிப் பிடிப்பது? எனக்குப் பிடித்த வழிக்குக் கருவி எதுவும் வேண்டாம். மாதவிலக்கு நின்றபின் சில நாட்கள் வறட்சியாக இருக்கும். பிறகு வெள்ளையாக, பிசுபிசுவென்று கொஞ்சம் கசியும், விரலில் எடுத்தால் பசை மாதிரி துண்டு துண்டாக அறுபடும். முட்டை பழுக்கப் பழுக்க ஈஸ்ட்ரோஜென் ஏறும், அந்தத் திரவமும் மாறும். கழிப்பறையில் துடைக்கும்போதே வழுக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எடுத்து மெல்ல விரித்தால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி, கண்ணாடி நிறத்தில், இழை அறுபடாமல் நீளும். அந்த நாட்கள்தான். விந்தணு நீந்திப் போவதற்கான வழியை உடலே திறந்து வைக்கிறது. இந்த வழுக்கல் கடைசியாகத் தெரியும் நாளை ஒட்டித்தான் முட்டை வெளிவருகிறது. முட்டை வந்த பிறகு மறுபடி கெட்டியாகிவிடும். இதைத் தொற்று என்று நினைத்து மருந்து வைத்துக்கொண்ட பெண்களையும் பார்த்திருக்கிறேன். அரிப்பு, துர்நாற்றம், நிறமாற்றம் இல்லாவிட்டால் அது தொற்று இல்லை.

முட்டையை வெளிவரத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும் பட்டைகளும் உண்டு. உங்கள் சுழற்சிக்கு 14-ஆம் நாள் வாக்கில் சோதிக்கத் தொடங்குங்கள். கோடு அழுத்தமாக வந்தால் அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும் என்று பொருள். அன்றும் மறுநாளும் தவறவிடாதீர்கள். பி.சி.ஓ.எஸ். ("நீர்க்கட்டி" என்று சொல்வார்களே, அது) உள்ளவர்களுக்கு எல்.ஹெச். எப்போதுமே ஏறியிருக்கலாம் என்பதால் இந்தப் பட்டை ஏமாற்றும். காலையில் எழுந்ததும் உடல் வெப்பம் பார்க்கும் முறையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. முட்டை வெளிவந்த பிறகுதான் வெப்பம் ஏறும், அதுவும் அரை டிகிரி செல்சியஸுக்குள். ரயில் போன பிறகு அடிக்கும் மணி அது. தெர்மாமீட்டரோடு கண் விழிக்கும் வாழ்க்கை ஒரு மாதத்திலேயே அலுத்துவிடும்.

இதெல்லாம் தலைவலி என்றால், ரத்தப்போக்கு நின்றதிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை, மாதம் முழுக்க. அவ்வளவுதான், எந்தக் கணக்கும் வேண்டாம். "சேர்த்து வைத்தால் விந்து வலுவாகும்" என்று கணவரை ஒரு வாரம் பட்டினி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி விடுவதால் லாபம் எதுவும் இல்லை, அணுக்களின் அசைவு குறையத்தான் வாய்ப்பு. காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதே 28 நாள் கணக்கு மருத்துவமனைக்குள்ளும் புகுந்து ஆட்டிப் படைக்கும். ஒருமுறை ஒரு பெண் வந்தார். ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். மூன்று முறை "21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்" பார்த்ததில் மூன்றும் குறைவு. "உங்களுக்கு முட்டையே வெளிவருவதில்லை" என்று வேறோர் இடத்தில் சொல்லி, மாத்திரையும் தொடங்கியிருந்தார்கள். சுழற்சி எத்தனை நாள் என்று கேட்டேன். 36. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுவது முட்டை வெளிவந்த பிறகு. அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்னால் எடுத்தால்தான் அது உச்சத்தில் இருக்கும். 28 நாள் சுழற்சிக்கு அது 21-ஆம் நாள், அந்தப் பெயரே டெஸ்டுக்கு ஒட்டிக்கொண்டது. இவருக்கு 29-ஆம் நாள் எடுத்திருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திய பிறகு ஒரு மாதம் அப்படி எடுத்துப் பார்த்தோம், இயல்பாக இருந்தது. பாதி வருடமாகத் தன்னை மலடி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். உங்களுக்கும் யாராவது 21-ஆம் நாள் ரத்தம் கொடுக்கச் சொன்னால், சுழற்சி நாளைச் சொல்லி 26 முதல் 29-ஆம் நாளுக்குள் எழுதித் தரச் சொல்லுங்கள்.

33 முதல் 36 நாள் என்பதே குறையா என்ற கேள்வியும் உங்களுக்குள் இருக்கும். இல்லை. 24 முதல் 38 நாள் வரை இயல்பு. சில நாட்கள் முன்பின் இருந்தாலும் தவறாமல் வருகிறதென்றால் முட்டை பெரும்பாலும் வெளிவருகிறது. 40, 50 நாள் தாண்டுவது, வருடத்துக்கு எட்டு முறைகூட வராதது, மாதவிலக்கு எப்போது வரும் என்றே சொல்ல முடியாதது, இவைதான் பி.சி.ஓ.எஸ். பக்கம் பார்க்கச் சொல்லும் அடையாளங்கள்.

பி.சி.ஓ.எஸ். பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த ஸ்கேனில் அந்த வார்த்தை வந்தால் மறுபடி தூக்கம் போய்விடும். "சினைப்பையில் நீர்க்கட்டி" என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. அவை கட்டிகளே அல்ல. வளரத் தொடங்கி, பழுக்காமல் பாதியில் நின்றுவிட்ட முட்டைப்பைகள். அறுத்து எடுக்க வேண்டியவை அல்ல. இளம்பெண்கள் பலருக்கு ஸ்கேனில் இப்படித் தெரியும், அது மட்டுமே நோய் ஆகாது. முட்டை ஒழுங்காக வெளிவராமை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், வேறு காரணங்களும் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும் என்று 2003-இல் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்தார்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது உண்டு. குழந்தையின்மைக் காரணங்களில் நான் பயப்படாதது இதுதான். இங்கே முட்டைக்குப் பஞ்சமில்லை, கதவு திறப்பதில்தான் தாமதம். எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு அதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து குறைந்தாலே பலருக்கு முட்டை தானாக வெளிவரத் தொடங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் லெட்ரோசோல் மாத்திரை இருக்கிறது. 2014-இல் 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், அதுவரை கொடுத்துவந்த குளோமிஃபீனைவிட இதில் குழந்தை பெற்றவர்கள் அதிகம். இன்று முதலில் கொடுப்பது அதைத்தான்.

நான் கவலைப்படுவது சத்தம் போடாத பிரச்சினைகளைப் பற்றி. கருக்குழாய் அடைப்பு அப்படிப்பட்டது. மாதவிலக்கு கடிகாரம் மாதிரி வரும், ஹார்மோன்கள் எல்லாம் சரியாக இருக்கும், முட்டையும் விந்தணுவும் சந்திக்க வழிதான் இருக்காது. முன்பு அடிவயிற்றில் தொற்று, கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று, காசநோய், குடல்வால் வெடித்து அறுவைசிகிச்சை, குழாயில் தங்கிய கர்ப்பம் என்று ஏதாவது நடந்திருந்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். ஹெச்.எஸ்.ஜி. என்ற எக்ஸ்ரே குழாய் திறந்திருக்கிறதா என்று காட்டிவிடும். வலி நிவாரணி போட்டுக்கொண்டு போங்கள். வலிக்காது என்று சொல்கிறவர்கள் அதைச் செய்துகொண்டவர்கள் இல்லை.

எண்டோமெட்ரியோசிஸ் இன்னொன்று, கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது. இதுவும் பத்தில் ஒருவருக்கு. மாதவிலக்கு வலி எல்லாருக்கும் இருப்பதுதான் என்று அடக்கி வளர்த்ததால் கண்டுபிடிக்கவே பல வருடம் ஆகிறது. வேலைக்குப் போக முடியாத வலி, உறவின்போது ஆழத்தில் வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலி இருந்தால் அது சாதாரண வலி அல்ல. இருந்தாலும் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் நிறைய பேர். தைராய்டும் புரோலாக்டினும் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்வதும் எளிது. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக்கட்டி) என்றால் அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருப்பதுதான் கருவைத் தடுக்கும், வெளிப்பக்கம் தொங்குவதை விட்டுவிடலாம். கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருப்பது ஐந்தில் ஒரு பெண்ணுக்கு உள்ள அமைப்பு, அதனால் எதுவும் ஆகாது. முன்பு கருத்தடை மாத்திரை சாப்பிட்டதால் மலடாகிவிட்டோமோ என்ற பயமும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி மட்டும் உடலைவிட்டுப் போக மாதங்கள் எடுக்கும்.

உங்கள் கேள்வியில் கணவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நீங்கள் மட்டும் ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள், நீங்கள் மட்டும் தூங்காமல் இருக்கிறீர்கள். குழந்தை பிறக்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது, சிலரிடம் அது மட்டுமே காரணம். இருப்பதிலேயே எளிய பரிசோதனை விந்துப் பரிசோதனைதான். ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு ஒரு மாதிரி கொடுத்தால் போதும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அவற்றில் அசைபவை நூற்றுக்கு 42, சரியான வடிவம் உள்ளவை நூற்றுக்கு 4. ஆமாம், நாலு இருந்தாலே இயல்பு, "96 சதவீதம் குறைபாடு" என்று படித்துவிட்டு அதிர்ந்துபோக வேண்டாம். ஒருமுறை குறைவாக வந்தால் முடிவு கட்டக் கூடாது. அணு உருவாக இரண்டரை மாதத்துக்கும் மேல் ஆகும், போன காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும், ஆகவே மூன்று மாதம் கழித்து இன்னொன்று. உடம்பை ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவராக இருந்தால் முதலில் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆண்மைக்கு என்று போடும் அந்த ஊசியே விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். கணவரின் ரிப்போர்ட் கையில் வராமல் மனைவிக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அது அன்றாடம் நடக்கிறது என்பதுதான் கோபம்.

வயதைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். வயது முக்கியம்தான், முட்டையின் தரத்தை முடிவு செய்வது அதுதான். ஆனால் 35-ஆம் பிறந்தநாள் அன்று பள்ளத்தில் விழுவதில்லை. "35-க்கு மேல் மூன்றில் ஒருவருக்கு ஒரு வருடத்தில் நடக்காது" என்று வெகுகாலம் சுற்றிய ஒரு கணக்கு, 1670 முதல் 1830 வரையிலான பிரெஞ்சுக் கிராமப் பதிவேடுகளிலிருந்து எடுத்தது! 2004-இல் ஐரோப்பியத் தம்பதிகளிடம் எடுத்த கணக்கில், ஒரு வருடத்தில் கருத்தரிக்காதவர்கள் 19 முதல் 26 வயதில் நூற்றுக்கு 8, 27 முதல் 34-இல் 13, 14, 35 முதல் 39-இல் 18. சரிவு உண்டு, மெதுவான சரிவு. நாற்பதை நெருங்கும்போது அது செங்குத்தாகிறது. கருச்சிதைவும் கூடவே ஏறும். 2019-இல் வந்த நார்வே நாட்டு ஆய்வில் 25 முதல் 29 வயதில் பத்தில் ஒரு கர்ப்பம் கலைந்தது, 45-க்கு மேல் பாதிக்கும் மேல். சொந்த முட்டையை வைத்துச் செய்யும்வரை ஐ.வி.எஃப்.பாலும் வயதைப் பின்னுக்கு இழுக்க முடியாது.

அதனால்தான் 35-க்குக் கீழே ஒரு வருடம், 35 ஆனவர்கள் ஆறு மாதம், 40 ஆனவர்கள் காத்திருக்கவே வேண்டாம் என்று மருத்துவர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். தாறுமாறான மாதவிலக்கு, மேலே சொன்ன வலி, பழைய தொற்று, புற்றுநோய் சிகிச்சை, கணவருக்கு விதைப்பையில் அறுவைசிகிச்சை என்று எதுவும் இருந்தால் எந்த வயதிலும் முன்கூட்டியே போகலாம். உங்களுக்கு இவை இல்லையென்றால் இன்னும் ஐந்து மாதம் கையில் இருக்கிறது. நாட்களை மாற்றிக்கொண்டு முயலுங்கள்.

இடையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஃபாலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம், இன்றே தொடங்குங்கள். குழந்தையின் தண்டுவடக் குழாய் கரு உண்டான நான்கு வாரத்துக்குள் மூடிவிடும், அதாவது கர்ப்பம் என்று தெரிந்து மாத்திரை வாங்கும்போது காலம் கடந்திருக்கும். வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் அளவு வேண்டியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போட்டுக்கொண்டு ஒரு மாதம் தள்ளி முயலுங்கள். புகை இருவருக்கும் கூடாது. சிகரெட் மாதவிலக்கு நிற்கும் வயதையே சில வருடம் முன்னால் இழுத்துவிடும்.

"டென்ஷன் ஆகாதே, தானா நடக்கும்" என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. 2011-இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிகிச்சைக்கு முன் மனம் கலங்கியிருந்த பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் வெற்றியில் வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் அழுததால் கரு நிற்காமல் போகவில்லை. பயத்துக்கு மேல் அந்தப் பழியையும் சுமக்காதீர்கள்.

முட்டையை உறைய வைப்பது பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட நினைப்பவர்களுக்கு. இப்போதே குழந்தை வேண்டும் என்று முயல்கிறவருக்கு அதில் என்ன வேலை? ஐ.வி.எஃப். நல்ல சிகிச்சை, தேவைப்படும்போது. குழாயும் கணவரின் ரிப்போர்ட்டும் பார்க்காமல், ஒரே ஓர் எண்ணை வைத்து அங்கே போகச் சொல்வதை ஏற்காதீர்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். நாள் தள்ளி, டெஸ்டில் இரண்டு கோடு வந்ததும் கடைசி மாதவிலக்குத் தேதியிலிருந்து எண்ணி "ஆறு வாரம்" என்று ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். உங்களுக்கு முட்டை ஒரு வாரம் தாமதமாக வருவதால் உள்ளே ஐந்து வாரக் கருதான் இருக்கும். சின்னதாக ஒரு பை மட்டும் தெரியும், துடிப்பு தெரியாது. "வளர்ச்சி இல்லை" என்று யாராவது சொன்னால் கலங்காமல் சுழற்சி 35 நாள் என்று சொல்லுங்கள், பத்து நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்க வயிற்றில் கடும் வலி, தலைசுற்றல், ரத்தப்போக்கு என்று எதுவும் வந்தால் மட்டும் அந்தப் பத்து நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே போய்விடுங்கள்.